பிரேசில் புஜிங்: மூணு தடவை சொதப்பிட்டேன், எங்க தப்பு?

சாம்பல்புறா (கோவை)

வணக்கம்ங்க. ரெண்டு வருஷமா இந்தக் குழுவுல படிக்க மட்டும்தான் வருவேன். இன்னிக்கு வேற வழி தெரியாம எழுதறேன்.

வீட்டுக்காரர் வேலைக்காக பிரேசில்ல கம்பினாஸ்ல நாலு வருஷம் இருந்தோம். சாவ் பாவ்லோவுல இருந்து 100 கிலோமீட்டர் பக்கம். மேல்வீட்டு அம்மா ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு கண்ணாடித் தட்டுல புஜிங் (சர்க்கரைப் பாகு மேல பாலும் முட்டையும் ஊத்தி வேக வெக்கிற இனிப்பு) கொண்டுவந்து குடுப்பாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் வராது, எனக்கு போர்ச்சுகீஸ் வராது. தட்டைத் திருப்பிக் குடுக்கறப்ப நான் பணியாரமோ லட்டோ வெச்சுக் குடுப்பேன். எங்க சிநேகிதமே அந்தத் தட்டு மேல போய் வந்ததுதான்.

ஊருக்கு வந்து ஆறு மாசம் ஆச்சு, அந்த ருசி நாக்கை விட்டுப் போகலைங்க. மூணு தடவை செஞ்சு பார்த்துட்டேன்.

முதல் தடவை பாகு கருகிப் போச்சு. கசாயம் மாதிரி கசப்பு. ரெண்டாவது தடவை பயந்துட்டு கரண்டி போட்டுக் கிளறிட்டே இருந்தேன், பாகு பூத்துப்போய் திரும்பவும் சர்க்கரையாவே ஆயிருச்சு. மூணாவது தடவை பாகு நல்லா வந்துச்சு. ஆனா கவுத்துப் பார்த்தா பக்கமெல்லாம் தேன்கூடு மாதிரி ஓட்டை. சுத்தியும் தண்ணி விட்டிருக்கு, முட்டை வாடை வேற. மாமியார் ஒரு வாய் வெச்சுட்டு "ஆம்லெட்டுக்குச் சர்க்கரை போட்டியா கண்ணு?"ன்னாங்க.

என்ன செஞ்சேன்னா, மில்க்மெய்ட் ஒரு டின், அதே டின்னால ரெண்டு தடவை பால், மூணு முட்டை. எல்லாத்தையும் மிக்ஸி ஜார்ல போட்டு அடிச்சேன். பெரிய தட்டுல பச்சைத் தண்ணி ஊத்தி, அதுக்குள்ள கிண்ணத்தை வெச்சு, ஓடிஜி அவன்ல 200 டிகிரி, ஒரு மணி நேரம்.

அந்த ஓட்டை விழாம இருக்க என்ன பண்ணணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெறும்_பார்வையாளன்

இது நம்ம ஊர் ஹோட்டல்ல பிரியாணிக்கு அப்புறம் தர்ற கேரமல் கஸ்டர்ட்தானே? பேரை மாத்திட்டா பிரேசில் ஆயிடுமா?

நடுச்சாமக்_காப்பி (சாவ் பாவ்லோ)

பார்வையாளன் சார், அப்பன் ஒண்ணுதான், பிள்ளைகள் வேற. கேரமல் கஸ்டர்டுக்குப் பாலும் சர்க்கரையும் முட்டையும். இங்க சர்க்கரைக்குப் பதிலா கண்டென்ஸ்டு மில்க். ஏற்கெனவே வத்தக் காய்ச்சின பால்ங்கிறதால கஸ்டர்டைவிடக் கனமா இருக்கும், லேசா பால்கோவா வாசம் அடிக்கும். வெட்டினா கத்தியில ஒட்டும். ஹோட்டல் கஸ்டர்ட் ஸ்பூன் பட்டதும் நழுவி ஓடுமே, அது வேற.

நான் மதுரைக்காரன், இங்க வந்து ஏழு வருஷம். எழுத்துல 'புதிம்'னு இருக்கும், ஆனா இந்த ஊர்ல 'தி' வந்தா 'ஜி' ஆயிடும். அதனால 'புஜிங்', கடைசி எழுத்து மூக்குக்குள்ளயே நின்னுடும். பால் 'லேய்ச்சி'. இதோட முழுப் பேரு 'புஜிங் ஜி லேய்ச்சி கொண்டென்சாடு'. படரீயான்னு சொல்ற ரொட்டிக் கடை எதுக்குப் போனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு வளையம் உட்கார்ந்திருக்கும், துண்டு போட்டுத் தருவாங்க. தட்டை எடை போட்டுக் காசு வாங்குற மதியச் சாப்பாட்டுக் கடைகள்லயும் கடைசி மேஜையில இது இல்லாம இருக்காது.

டின்னுக்கு ஒரு கதை இருக்கு. நெஸ்லே 1921ல சாவ் பாவ்லோ மாகாணத்துல அராராஸ் ஊர்ல அவங்களோட முதல் பிரேசில் ஆலையைத் திறந்து கண்டென்ஸ்டு மில்க் போட ஆரம்பிச்சாங்க. டின் மேல பால் குடம் சுமக்கிற பொண்ணு படம். நம்ம ஊர் மில்க்மெய்ட் டின்ல இருக்காளே, அதே பொண்ணு. ஜனங்க வாயில 'அந்தப் பொண்ணு பால்'னு வந்தது கடைசியில பேராவே நின்னுபோச்சு: 'லேய்ச்சி மோசா'. மோசான்னா இளம்பொண்ணு. ஆக, சாம்பல்புறா கோவையில வாங்கின டின்னும் மேல்வீட்டு அம்மாவோட டின்னும் அக்கா தங்கச்சி.

டின்னால பாலை அளக்கிறதும் இந்த ஊர் வழக்கம்தான். இங்க டின் 395 கிராம். காலி டின்ல பால் ஊத்தினா 300 மில்லி பக்கம் பிடிக்கும். ஒரு டின்னுக்கு ரெண்டு டின் பால், மூணு முட்டை. டின்னோட ஒட்டி வர்ற சமையல் குறிப்பே அதுதான், அளவுல உங்க மேல தப்பு இல்லை. சில வீட்டுல ஒரு டின் பால் மட்டும் ஊத்துவாங்க, அப்ப இன்னும் கெட்டியா வரும்.

தப்பு சூட்டுலதான் இருக்குன்னு நெனைக்கிறேன். பீக்கர் பெரியப்பா எங்க இருந்தாலும் மேடைக்கு வரவும்.

பீக்கர்_பெரியப்பா

வந்துவிட்டேன். முப்பது வருடம் வேதியியல் நடத்தியவனைச் சமையல் குழுவில் யாராவது கூப்பிட்டால் வராமல் இருப்பேனா?

அம்மா சாம்பல்புறா, உங்கள் மூன்று தோல்வியும் மூன்று வெவ்வேறு பாடங்கள். ஓட்டையிலிருந்து ஆரம்பிப்போம்.

தனி முட்டையின் வெள்ளை 60 டிகிரி தாண்டியதுமே இறுகத் தொடங்கும். அதில் பாலையும் சர்க்கரையையும் கலந்தால் புரத இழைகள் ஒன்றையொன்று தேடிப் பிடிக்க நேரமாகும். அதனால் கலவை 80, 85 டிகிரி வாக்கில்தான் இறுகும். அந்த இடத்தில் நிறுத்தினால் வெண்ணெய் மாதிரி இருக்கும். அதைத் தாண்டினால் இழைகள் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளும். தட்டில் நீங்கள் பார்த்த தண்ணீர் அதுதான். இன்னும் சூடேறினால் உள்ளே மாட்டிய நீர் ஆவியாகிக் குமிழ் விடும். இறுகிய கலவைக்குள் குமிழ் எங்கே போகும்? இருந்த இடத்திலேயே ஓட்டையாக நிற்கும். முட்டை வாடையும் அதிகச் சூட்டில்தான் தூக்கலாக வரும்.

இரண்டாவது காரணம் மிக்ஸி. மிக்ஸி அடித்தால் நுரை வரும், நுரை என்றால் காற்று. வேகும்போது அந்தக் காற்றும் ஓட்டையாகும்.

தண்ணீர்த் தட்டு வைப்பதே சூட்டைக் கட்டிப்போடத்தான். அடுப்புக்குள் 200 டிகிரி இருந்தாலும் தண்ணீர் 100ஐத் தாண்டாது. ஆனால் அந்தத் தண்ணீர் தளதளவென்று கொதித்தால் கிண்ணத்தின் ஓரத்துக்கு 100 டிகிரி போய்ச் சேருகிறது. நமக்கு வேண்டியதோ 85. அதனால்தான் ஓரத்தில் தேன்கூடு. 160 டிகிரி வைத்து, தண்ணீர் சலனமில்லாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது சூடாகவே அரை மணி போய்விடும், நேரக் கணக்கு தப்பும். கைபொறுக்காத சூட்டில் ஊற்றுங்கள். தட்டின் அடியில் ஒரு பழைய துணியை மடித்துப் போட்டு அதன்மேல் கிண்ணத்தை வையுங்கள், அடிச்சூடு நேராகத் தாக்காது.

சாம்பல்புறா

பெரியப்பா, எங்க கெமிஸ்ட்ரி டீச்சர் இப்படிச் சொல்லிக் குடுத்திருந்தா நான் பாஸ் பண்ணியிருப்பேனுங்க. பாகையும் சொல்லிருங்க.

காயல்_கறிவேப்பிலை

பாகுக்கு நான் வாறேன், பெரியப்பா கொஞ்சம் தண்ணி குடிக்கட்டும்.

தங்கச்சி, பாகு ரெண்டு விதமா வைக்கலாம். சர்க்கரையில தண்ணி ஊத்தி வைக்கிறது ஒண்ணு. அதுல சர்க்கரை கரையிற வரைக்கும்தான் கரண்டி போடலாம். கொதி வந்ததுக்கு அப்புறம் கரண்டி தொடவே கூடாது, சட்டியோட காதைப் பிடிச்சு லேசா சுழட்டணும். ஓரத்துல ஒட்டின ஒரு குருணை உள்ள விழுந்தாலே போதும், மொத்தமும் பூத்துரும். நாலு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டா பூக்காது.

இன்னொண்ணு வெறுஞ்சட்டியில சர்க்கரையைப் போட்டு உருக்குறது. நான் அதைத்தான் செய்வேன். ஒரு கப் சர்க்கரை, அடி கனமான சட்டி, சின்னத் தீ. ஓரத்துல உருக ஆரம்பிச்சதும் சட்டியைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பிடி. தேன் நிறம் வரும், அப்புறம் தேயிலைச் சாயம் நிறம். அந்த இடத்துல அடுப்பை அணைச்சிரணும். அடுப்பை அணைச்சாலும் சட்டிச் சூட்டுல அது இன்னும் கருக்கும், அங்கதான் உனக்கு முதல் தடவை ஏமாந்து போயிருக்கும். உடனே அரைக் கப் வெந்நி ஊத்து. வெந்நி, பச்சைத் தண்ணி இல்ல. மூஞ்சியைத் தள்ளி வச்சுக்க, எரிமலை மாதிரி பொங்கும். கட்டி கட்டியா நின்னா பயப்படாத, சின்னத் தீயில வச்சா கரைஞ்சிரும். அதைக் கிண்ணத்துல ஊத்தி ஓரமெல்லாம் படுற மாதிரி சுழட்டு.

கிண்ணத்துல பாகு கெட்டியா ஒட்டிக் கிடக்கும். ஐயோ ஒட்டிக்கிச்சேன்னு சுரண்டிராத. ஒரு ராத்திரி ஃபிரிட்ஜுல இருந்தா மேல இருக்கிற ஈரத்தை இழுத்து அதுவே இளகிரும். ஆறு மணி நேரமாவது வைக்காம கவுத்தா பாதிப் பாகு கிண்ணத்துலயே தங்கிரும். கவுக்கிறதுக்கு முன்னால கிண்ணத்து அடியை வெந்நியில அரை நிமிசம் வை. தட்டு விளிம்பு வச்ச தட்டா இருக்கணும், பாகு ஓடும்.

எங்க உம்மா வட்டலப்பத்துக்கு இட்லிச் சட்டிதான். தேங்காப்பாலு, முட்டை, சர்க்கரை, ஏலக்கா. மூடியில துணி கட்டிருவாங்க, வேர்வைத் தண்ணி மேல சொட்டிட்டா அந்த இடம் குழியாப் போயிரும். ஓடிஜி இல்லாதவங்க புஜிங்கையும் அப்படியே அவிக்கலாம், ஒண்ணும் கெட்டுப்போகாது.

நடுச்சாமக்_காப்பி

ஆஹா, காயல் லாத்தா பாகுப் பதம் சொல்றதைக் கேட்டதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. இங்க பழைய இனிப்பெல்லாம் போர்ச்சுகல் கன்னிமாடங்கள்ல இருந்து வந்த வழி. முட்டை மஞ்சக்கருவும் சர்க்கரைப் பாகும்தான் அதுக்கெல்லாம் அடிப்படை. அவங்களும் பாகுக்குப் பதம் சொல்லுவாங்க. 'போன்டு ஜி ஃபியு'ன்னு ஒரு பதம், வார்த்தைக்கு வார்த்தை 'நூல் பதம்'. அதாவது நம்ம கம்பிப் பதம். ரெண்டு விரலுக்கு நடுவுல தொட்டுப் பார்க்கிறதும் அதே மாதிரிதான். நான் ஆபீஸ்ல எங்க அம்மா அதிரசத்துக்குப் பாகு பார்க்கிறதை விரல்ல செஞ்சு காட்டினேன், ஒரு பெரியம்மா எழுந்து வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க.

அந்தப் போர்ச்சுகல் வழியில ஒரு பயங்கரப் புஜிங் இருக்கு. போர்ச்சுகல்ல பிராகா நகரம் பக்கத்துல பிரிஸ்கோஸ்ங்கிற ஊர்ப் பாதிரியாரோட செய்முறை. 15 மஞ்சக்கரு, போர்ட் ஒயின், அதோட பன்றிக் கொழுப்பு ஒரு துண்டு. பாலே கிடையாது. அதுக்கு முன்னாடி பிரேசில் புஜிங் பால்வாடிக் குழந்தை.

பச்சைமுருங்கை

நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை. முட்டை இல்லாமல் இதைச் செய்ய வழி உண்டா? கடல்பாசி போட்டால் வருமா?

வெறும்_பார்வையாளன்

மீன் இல்லாத மீன்குழம்பு எப்படி வைக்கிறதுன்னு அடுத்த இழை ஆரம்பிக்கலாமா?

மட்டுறுத்துனர்

பார்வையாளன், கேள்வி கேட்டவரைக் கிண்டல் செய்ய வேண்டாம். இரண்டாவது எச்சரிக்கை.

பீக்கர்_பெரியப்பா

பச்சைமுருங்கை, கடல்பாசி போட்டால் இறுகும், ஆனால் இறுகும் விதம் வேறு. முட்டைப் புரதம் சூட்டில் பின்னிக்கொள்கிறது, கடல்பாசி ஆறும்போது உறைகிறது. வாயில் போட்டால் ஒன்று கரையும், மற்றது துண்டு துண்டாக உடையும். கண்டென்ஸ்டு மில்க்கும் பாலும் கலந்து கடல்பாசியில் உறையவைத்து, அடியில் பாகு விட்டால் நல்ல இனிப்புதான். புஜிங் என்று மட்டும் கூப்பிடாதீர்கள், காயல் லாத்தா வீட்டில் அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கும்.

காயல்_கறிவேப்பிலை

இருக்கு. நோன்பு முப்பது நாளும் எங்க வீட்டுல அதுதான்.

தெஹிவளை_மழை

எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்புப் பக்கம். இங்க வட்டிலப்பம் கித்துள் பனைக் கருப்பட்டியில செய்யிறது, சாதிக்காய் கொஞ்சம் உரசிப் போடுவம். பெருநாளைக்கு முஸ்லிம் சிநேகிதர் வீட்டில இருந்து எங்களுக்கு வந்திடும்.

எனக்கு ஒரு சந்தேகம். எல்லாரும் ஓட்டையை ஏன் இப்பிடித் துரத்திறீங்கள்? எங்கட வீட்டில வட்டிலப்பத்தில சின்னச் சின்ன ஓட்டை இருந்தால்தான் அப்பா சாப்பிடுவார். அந்த ஓட்டைக்குள்ள பாணி (பாகு) போய் நிக்கும், கடிக்க வாய்க்குள்ள வரும். ஓட்டை இல்லாதது சவர்க்காரம் (சோப்பு) மாதிரி இருக்கு எண்டு சொல்லுவார். பிரேசில்காரர் என்ன சொல்லுகினம்?

நடுச்சாமக்_காப்பி

மழை அக்கா, நீங்க கைவைச்சது குளவிக் கூட்டுல. இந்த ஊர்ல அது ஒரு தனிச் சண்டை. ஓட்டைக்கு 'ஃபுரீன்யு'ன்னு பேரு, குட்டி ஓட்டைன்னு அர்த்தம். 'ஃபுரீன்யு உள்ளதா, இல்லாததா?'ன்னு கேட்டா குடும்பம் ரெண்டாப் பிரியும். சமையல் கத்துக்கிட்டவங்களும் கேக் கடைக்காரங்களும் வழவழன்னு இருக்கிறதுதான் சரிம்பாங்க. வீட்டுச் சாப்பாட்டுக் கட்சி 'ஓட்டை இல்லேன்னா அது எங்க பாட்டி புஜிங் இல்லை'ம்பாங்க. எங்க ஆபீஸ்ல ஒருதடவை மதியச் சாப்பாட்டு நேரத்துல கை தூக்கச் சொன்னோம், ஓட்டைக் கட்சிதான் ஜெயிச்சுது.

பீக்கர்_பெரியப்பா

பெரும்பான்மை சொல்வதால் அதிகமாக வெந்தது சரியாக வெந்ததாகிவிடாது.

தெஹிவளை_மழை

ஐயா, அளவா வெந்ததோ கூட வெந்ததோ எண்டதை நாக்குத்தானே சொல்ல வேணும். வெப்பமானியிட்டக் கேக்க ஏலாது.

சாம்பல்புறா

சண்டை போடாதீங்க, நான் இன்னிக்குச் செஞ்சுட்டு வந்து சொல்றேன். முட்டை வாடைக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க.

நடுச்சாமக்_காப்பி

இங்க செய்யிறது இது: மஞ்சக்கருவைத் தனியாப் பிரிச்சு டீ வடிகட்டி மேல வைப்பாங்க. கரண்டியால தேய்க்கக் கூடாது, கத்தி நுனியில லேசாக் குத்தினா மஞ்சள் தானா ஒழுகிடும், மேல மெல்லிசா ஒரு தோல் மிஞ்சும். வாடையெல்லாம் அந்தத் தோல்லதான்னு தூக்கிப் போட்டுடுவாங்க. அறிவியல்படி சரியான்னு பெரியப்பா முகத்தைச் சுளிக்கலாம், எனக்குச் செஞ்சு பார்த்ததுல வித்தியாசம் தெரிஞ்சுது. வெனிலா நாலு சொட்டு. நம்ம ஊர் முட்டை சின்னதா இருந்தா நாலு போடுங்க.

முடிஞ்சா நடுவுல குழல் வெச்ச அச்சு வாங்குங்க. இங்க புஜிங்குக்குன்னே விக்கிறது அதுதான், அலுமினியம். வட்டக் கிண்ணத்துல ஓரம் வெந்து நடு வேகாம நிக்கும், நடு வேகுற வரைக்கும் விட்டா ஓரம் தீர்ந்துபோகும். குழல் இருந்தா நடுவுல இருந்தும் சூடு வரும். கோவையில கேக் சாமான் விக்கிற கடையில வளையம் வெச்ச கேக் அச்சு கிடைக்கும், அது போதும். ரெண்டு துண்டா கழட்டுற அச்சு மட்டும் வேண்டாம், பாகு ஒழுகிடும்.

சாம்பல்புறா (மூன்று நாள் கழித்து)

செஞ்சாச்சுங்க!

சொன்னபடியே எல்லாம். மிக்ஸியைத் தொடவே இல்லை, முள்கரண்டியால மெதுவாக் கலக்கி, ரெண்டு தடவை வடிகட்டி, அரை மணி நேரம் அப்படியே விட்டு, மேல நின்ன நுரையைக் கரண்டியால எடுத்துட்டேன். வளைய அச்சு வாங்கியாச்சு. மேல அலுமினியத் தாள் மூடி, சுடுதண்ணி ஊத்தி, 160ல ஒண்ணேகால் மணி நேரம். ஆட்டிப் பார்த்தா ஓரம் நின்னுச்சு, நடு மட்டும் லேசா தளும்புச்சு, எடுத்துட்டேன். ராத்திரி பூரா ஃபிரிட்ஜ்.

காலைல கவுத்தறப்ப வீடே சுத்தி நின்னுச்சு. முதல்ல ஒண்ணும் நடக்கலை. அப்புறம் அச்சுக்குள்ள காத்து போற மாதிரி 'புளுக்'னு ஒரு சத்தம், தட்டு திடீர்னு கனமாச்சு. தூக்கிப் பார்த்தா கண்ணாடிங்க! ஒரு ஓட்டை இல்லை. பாகு மேல இருந்து வழிஞ்சு விளிம்புல நின்னுச்சு. மாமியார் ரெண்டாவது துண்டு கேட்டாங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுக்காரர் ஒரு வாய் சாப்பிட்டுட்டு கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது அது இல்லை"ன்னாரு. எனக்குக் கோபம் வந்துச்சு. ரெண்டாவது துண்டு நானும் சாப்பிட்டேன், அவர் சொல்றது சரிதான்னு தோணுச்சு. என்ன குறையுதுன்னு சொல்லத் தெரியலை. அந்தம்மா ஏதோ ரகசியமாப் போட்டாங்களோ?

காயல்_கறிவேப்பிலை

எலுமிச்சந்தோலு? ஆரஞ்சுத்தோலு?

நடுச்சாமக்_காப்பி

போட்டோ ஏதாவது இருக்கா? அவங்க வீட்டுலயோ உங்க வீட்டுலயோ, புஜிங் வெட்டின மாதிரி?

சாம்பல்புறா

பழைய போனைச் சார்ஜ் போட்டுத் தேடினேன். பையனோட பொறந்தநாள் போட்டோ ஒண்ணு கிடைச்சுது. மேஜை ஓரத்துல அந்தக் கண்ணாடித் தட்டு, புஜிங்ல பாதி வெட்டியிருக்கு. பெருசு பண்ணிப் பார்த்தேன்.

ஓட்டைங்க. பக்கம் பூரா ஓட்டை. நான் மூணாவது தடவை செஞ்சு குப்பையில கொட்டினேனே, கிட்டத்தட்ட அதே மாதிரி.

நாலு வருஷம் சாப்பிட்டிருக்கேன், கவனிச்சதே இல்லை. நெட்டுல வழவழன்னு போட்டோவாப் பார்த்துப் பார்த்து, அவங்களுதும் அப்படித்தான் இருந்துச்சுன்னு நானே நெனச்சுக்கிட்டேன் போல.

இன்னொண்ணும் இப்பத்தான் புரியுது. ஞாயித்துக்கிழமை காலைல மேல குக்கர் சத்தம் கேக்கும். அந்த ஊர் குக்கர் நம்முது மாதிரி விசில் அடிக்காது, 'உஸ்ஸ்'னு விடாம இரைஞ்சுட்டே இருக்கும். முதல்ல ரொம்ப நேரம் இரையும், அது பீன்ஸ் (ராஜ்மா மாதிரி காய்ஞ்ச பயறு). நின்னு, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை இரையும். ரெண்டாவது தடவையும் பீன்ஸ்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்.

நடுச்சாமக்_காப்பி

அக்கா!!! அதான்! 'புஜிங் நா பனேலா ஜி ப்ரெசாவ்', குக்கர் புஜிங். கேஸ் மிச்சம், நேரம் மிச்சம்னு நிறைய வீட்டுல அப்படித்தான். அச்சை அலுமினியத் தாள்ல இறுக்கி மூடி, குக்கர்ல பாதி உசரத்துக்குத் தண்ணி, இரைய ஆரம்பிச்சதுல இருந்து இருபது இருபத்தஞ்சு நிமிஷம். முடிஞ்சுது.

தெஹிவளை_மழை

நான் ஒண்டும் சொல்லேல்ல. சும்மா சிரிக்கிறன்.

பீக்கர்_பெரியப்பா

ஒத்துக்கொள்கிறேன். வெயிட் போட்ட குக்கருக்குள் 120 டிகிரி வாக்கில் இருக்கும். அங்கே ஓட்டை விழாமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்பட வேண்டும்.

சரி, ஓட்டைதான் வேண்டும் என்றால் அதையும் ஒழுங்காகச் செய்வோம். உங்கள் மூன்றாவது முயற்சியில் பிரச்சினை ஓட்டை அல்ல, தண்ணீர் விட்டதும் வாடையும்தான். அதாவது சூடு அதிகமானதோடு, நேரமும் அதிகமாகிவிட்டது. இந்தத் தடவை மிக்ஸியில் அடியுங்கள், நுரையை எடுக்காமல் உடனே ஊற்றுங்கள். காற்று எல்லா இடத்திலும் பரவி இருப்பதால் ஓட்டை சின்னதாக, சமமாக வரும். பாலை டின் இரண்டுக்குப் பதிலாக ஒன்றரையாகக் குறையுங்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் வெளியே விடுவதும் குறையும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து இருபது நிமிடம், அதற்குமேல் வேண்டாம். ஆவியைக் கரண்டியால் தூக்கி விடாதீர்கள், தானாக அடங்கட்டும். அழுத்தம் திடீரென்று இறங்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரே மூச்சில் கொதித்துப் புஜிங்கைக் கிழித்துவிடும்.

இதையெல்லாம் நான் சொன்னதாக வெளியே சொல்ல வேண்டாம்.

சாம்பல்புறா

குக்கருக்குள்ள வளைய அச்சு நுழையலைங்க, அஞ்சு லிட்டர் குக்கர். எவர்சில்வர் தூக்குப் போசியில செஞ்சேன், மூடியையும் போட்டு மேல துணியைக் கட்டிட்டேன். இருபது நிமிஷம். ஆறினதும் ஃபிரிட்ஜ்.

சாயங்காலம் வெட்டினேன். சின்னச் சின்ன ஓட்டை, ஆப்பத்து நடுவுல இருக்குமே அந்த மாதிரி. பாகு உள்ள வரைக்கும் இறங்கியிருக்கு. தண்ணி அரைக் கரண்டி விட்டிருந்துச்சு, அது பாகோட பாகாப் போயிருச்சு. வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலை. தட்டைத் தூக்கிட்டு டிவி ரூமுக்குப் போயிட்டாரு.

மாமியாருக்கு முதல்ல செஞ்ச கண்ணாடிதான் புடிக்குதாம். இனி ரெண்டும் செய்யணும் போல.

அப்புறம், போசியில அடியில ஒட்டின பாகு வீணாப் போகுதேன்னு அதுலயே பாலை ஊத்திக் கொதிக்க வெச்சு டிகாக்ஷன் கலந்து குடிச்சேன். சொல்லிட்டேன், யாரும் அதைக் கழுவிக் கொட்டாதீங்க.

காயல்_கறிவேப்பிலை

மேல்வீட்டு அம்மாவுக்குப் போட்டோ அனுப்புனியா?

சாம்பல்புறா

அனுப்பினேன் லாத்தா. கைதட்டுற பொம்மை ஏழு வந்துச்சு. அப்புறம் ஒரு வாய்ஸ் மெசேஜ், மூணு நிமிஷம். ஒரு வார்த்தை புரியலை. நடுவுல ரெண்டு தடவை 'புஜிங்'னாங்க, கடைசில 'லட்டு'ன்னாங்க.

வெறும்_பார்வையாளன்

நானும் நேத்து செஞ்சேன். ஓடிஜி முறை, ஓட்டை இல்லாதது. எல்லாம் சரியா வந்துச்சு. கவுத்தேன். பாகு மொத்தமும் தட்டுல இருந்து வழிஞ்சு மேஜை, மேஜையில இருந்து பொண்ணோட கணக்கு நோட்டு. தட்டையான தட்டுல கவுக்கக் கூடாதுன்னு ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே?

காயல்_கறிவேப்பிலை

விளிம்பு வச்ச தட்டுன்னு சொல்லியாச்சு வாப்பா. மேல போய் படிங்க.